காலியாகத் திரும்ப வேண்டிய பஸ்

சமாதானம்னு யாராவது வாயெடுத்தாலே எனக்குச் சுருக்குன்னு கோபம் வரும். இத்தனைக்கும் சமாதானம் பண்ணி வைக்கிறதுதான் அப்போ என் உத்தியோகம். எண்பதுகளோட ஆரம்பம். காஞ்சிபுரத்துல ஒரு அரிசி மண்டிக்கு மேல மாடியில எங்க சங்கத்து ஆபீஸ். ஏரித் தண்ணி, சுடுகாட்டுப் பாதை, கோயில் திருவிழான்னு எதுல தகராறு வந்தாலும், போலீசு கோர்ட்டுன்னு போறதுக்கு முன்ன ரெண்டு தரப்பையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேச வைப்போம். பேசி முடிஞ்சதை எடுத்துக்கினு தாலுக்கா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், எம்.எல்.ஏ. வூடுன்னு அலைஞ்சு அதை அரசாங்க உத்தரவாக்கப் பார்ப்போம்.

எங்க டைரக்டர் மெட்ராஸ்காரர், ரிட்டயரான வாத்தியார். நல்ல மனுஷன், அதை நான் எங்க வேணா சொல்லுவேன். கூட்டத்துல அவர் ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. எதிராளி சொன்னதை முதல்ல நாம திருப்பிச் சொல்லணும். 'ஆமா, நான் சொன்னது அதான்'னு அவர் ஒத்துக்கணும். அப்புறந்தான் நம்ம பேச்சு. கேக்கறதுக்குச் சுலபமா கீது, செஞ்சு பாருங்க, நாக்கு தள்ளிடும். இதுக்குப் பயந்தே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்து போனவங்க உண்டு.

எங்க சொந்த ஊர்த் தகராறே ஒருநாள் அந்த மாடி ஏறி வந்துடுச்சு.

எங்க ஊர் மானாம்பதி தாண்டி உள்ள கீது. உத்திரமேரூர்ல இருந்து வர்ற பஸ், நிலம் வெச்சிருக்கற குடும்பங்க இருக்கற ஊர்த்தெரு முனையோட நின்னுடும். அந்த நிலத்துல கூலிக்குப் போற எங்க ஜனம் இருக்கற காலனி அங்கேர்ந்து அரை மைல், ஏரிக்கரை மேல. எங்கம்மாவுக்கு இழுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா அந்தக் கரையை நடந்து கடக்கறதுக்குள்ள அவ உக்காந்து உக்காந்து எழுந்திருப்பா. மூச்சு வாங்கற சத்தம் கரை முழுக்கக் கேக்கும்.

தெரு முனையில பஸ் திரும்ப இடம் இல்ல. டிரைவர் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்பணும். ஒரு மழைக்காலத்துல பின் சக்கரம் கால்வாயில இறங்கிடுச்சு. டிப்போ ஆபீசர் வந்து பார்த்தாரு, கண்டிஷனாச் சொல்லிட்டாரு: திரும்ப இடம் காட்டுங்க, இல்லாட்டி பஸ் மானாம்பதியோட நின்னுடும். இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, எங்க காலனிக்கு எதிர்ல இருக்கற புறம்போக்குத் திடல்.

எங்க ஜனத்துக்குத் தலைகால் புரியல. பஸ்ஸு வூட்டு வாசலுக்கே வருதே! ஆனா ஊர்க்காரங்க ஒரு யோசனை வெச்சாங்க பாருங்க. பஸ் ஊர்த்தெருவுல ஆளை இறக்கிட்டு, காலியா காலனிக்குப் போவட்டும், திடல்ல திரும்பட்டும், காலியாவே ஊருக்கு வரட்டும். காலனிக்காரங்க எப்பவும் போல நடந்து வந்து ஊர்ல ஏறிக்கட்டும். அடேயப்பா! பஸ்ஸுக்கு எங்க மண்ணு வேணும், மனுஷங்க வேணாம்.

ஏன்னு கேட்டா, "அது அப்படித்தான், பழக்கவழக்கம் கெட்டுப்போவும்"னுதான் பதில் வந்துச்சு.

டைரக்டரும் நானும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். மெட்ராஸ் வரைக்கும் போய் ஒரு பெரிய அதிகாரியையும் பார்த்தோம். பஸ் எங்க திரும்புதோ அங்கேயே ஆளை ஏத்தணும்னு மாவட்டம் முழுக்க உத்தரவு போடுங்க சார்னு கேட்டோம். அவர் சிரிச்சாரு. "ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பார்க்கலாம். இதெல்லாம் மெதுவாத்தாம்மா மாறும்"னாரு.

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா சார்? அதுவரைக்கும் எங்கம்மாவுக்கு மூச்சு இருக்கணுமே"ன்னேன்.

டைரக்டர் என் முந்தானையைப் பிடிச்சு இழுக்காத குறை. படி இறங்கறப்ப, "நாம கேக்க வந்தவங்கம்மா"ன்னாரு. கேக்க வந்தா குனிஞ்சுதான் கேக்கணுமா சார்னு நானும் விடல.

அப்புறம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டோம். அதுக்கு முந்தின நாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. ஊர்த் தரப்புல பெரிய வூட்டுக்காரர் இறங்கி வந்திருக்காராம். அவர் நிலத்துலதான் எங்கம்மா காலமெல்லாம் நாத்து நட்டா. பஸ் காலனியில ஆளை ஏத்திக்கட்டுமாம். ஆனா முன்னாடி ரெண்டு வரிசை சீட்டைக் காலியா விட்டுக்கினு வரணுமாம், ஊர்க்காரங்களுக்காக.

"ரெண்டு வரிசைதானேம்மா. இதை விட்டா பஸ்ஸே போயிடும். சங்கத்து ஆளு எந்தப் பக்கமும் சாயக் கூடாது"ன்னாரு.

"சாயறதுக்கு நான் நடுவுல இல்ல சார். நான் பொறந்ததே ஒரு பக்கத்துலதான்"னேன்.

அவர் முகம் வாடிப்போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காக நான் சொன்னதை மாத்திக்கல.

வூட்டுக்கு வந்தா அம்மாவும் அதையே பாடறா. "உக்காந்தா இன்னா, நின்னா இன்னா? பஸ்ஸு வந்தா போதும். நீ வாயக் குடுத்துக் கெடுத்துடாத." எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. அவளைத் திட்டவும் மனசு வரல. அந்த இழுப்போட நடக்கறவ அவதானே, நான் இல்லியே. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல. நாளைக்கு நான் பேசி பஸ் போயிட்டா, இவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

மறுநாள் வட்டமா உக்காந்தோம். டிப்போ ஆபீசர், தாலுக்கா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஊர்க்காரங்க, எங்க ஜனம். கூட்டத்தை நடத்தறது நான். பெரிய வூட்டுக்காரர் ஆரம்பிச்சாரு. "எங்களுக்கு ஒண்ணும் விரோதம் இல்ல. ஊர்ல ஒரு பழக்கவழக்கம்னு கீது. அதுக்குத்தான் ரெண்டு வரிசை."

"ஐயா, நம்ம வழக்கப்படி நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன். சரியான்னு மட்டும் சொல்லுங்க"ன்னேன்.

"சொல்லும்மா."

"பஸ் காலனியில ஜனத்தை ஏத்திக்கினு வந்தா, ஊருக்கு வர்றப்ப சீட்டு நிறைஞ்சிருக்கும். உங்க கழனியில நாத்து நடறவ உக்காந்துக்கினு இருப்பா. நீங்க கம்பியைப் புடிச்சிக்கினு அவ பக்கத்துல நிக்கணும். அதை உங்களால தாங்க முடியாது. அதானே ஐயா?"

டைரக்டர் தலையைக் குனிஞ்சிட்டாரு. எங்கம்மா பின்னாடி இருந்து, "ஐயோ, பாவி"ன்னா. நான் அவர் மேல இருந்து கண்ணை எடுக்கல. இத்தினி வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி, ஒருத்தரும் வாயால சொல்லாத சங்கதி. அவர் வாயால ஆமான்னு சொல்லட்டும், இல்லாட்டி இல்லன்னு சொல்லட்டும்!

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைச்சாரு. "ஐயா, ஆமான்னா நான் அப்படியே எழுதணும். எழுதினா தீண்டாமைச் சட்டத்துல கேஸாயிடும், அதையும் சொல்லிட்டேன்."

பெரிய வூட்டுக்காரர் மூஞ்சி ஜிவுஜிவுன்னு ஆயிடுச்சு. "சேச்சே! யாரு அப்படிச் சொன்னது? முன்ன ஏறினவன் உக்காரப் போறான். இதுல இன்னா கீது?"

"அப்போ முன்ன ஏறினவங்க உக்காரலாம். யாருக்காகவும் சீட்டைக் காலியா விடத் தேவையில்ல. உக்காந்தவங்களை எழுப்பவும் கூடாது. நீங்க சொன்னது அதானே ஐயா?"

"அதான், அதான்"னாரு பல்லைக் கடிச்சிக்கினு. கையெழுத்து ஆச்சு. வெளிய வர்றப்ப என்கிட்ட வந்து, "வாய் ரொம்ப நீண்டுபோச்சுமே உனக்கு"ன்னாரு. "ஆமா ஐயா"ன்னேன். வேற இன்னா சொல்றது?

பஸ் காலனிக்கு வந்த முதல் நாள் சாமந்தி மாலை, கற்பூரம், மாதா கோயில் மணின்னு ஒரே அமர்க்களம். ஜனம் முண்டியடிச்சு ஏறிச்சு. நான் கடைசியா ஏறிப் பார்த்தா எனக்கு உடம்பெல்லாம் எரியுது. அத்தினி சீட்டும் காலி. அத்தினி பேரும் நின்னுக்கினு கீறாங்க. எங்கம்மா கம்பியைப் புடிச்சிக்கினு மூச்சு வாங்கறா.

"இன்னாத்துக்கும்மா நிக்கிற?"

"இதோ ஊர் வந்துடும். எதுக்கு உக்காந்து உக்காந்து எழுந்திருக்கணும்?"

ச்சீ, இதுக்கா நான் சண்டை போட்டேன்! "உக்காருங்க எல்லாரும்! காசு குடுத்துத்தானே டிக்கெட் வாங்கறீங்க!"ன்னு கத்தினேன். அம்மா கையைப் புடிச்சு இழுத்து முதல் சீட்டுல உக்கார வெச்சேன், பக்கத்துல நானும் உக்காந்தேன். பின்னாடி ஒவ்வொருத்தரா உக்காந்தாங்க, யார் வூட்டுப் பொருளையோ தொடற மாதிரி.

ஊர் வந்துச்சு. பெரிய வூட்டுக்காரர் ஏறினாரு. சீட்டு இல்ல. நேரா எங்க பக்கத்துல வந்து கம்பியைப் புடிச்சாரு. எங்கம்மா உடம்பு மெதுவா மேல எழும்புது. அவ தொடை மேல கையை வெச்சு அழுத்தினேன்.

"விடுடி"ன்னா காதுல, அழுதுடற மாதிரி. "நானா எழுந்திருக்கல. காலு தானா எழுந்திருக்குது."

"காலு எழுந்திருக்கட்டும். நீ உக்காரு"ன்னேன்.

உத்திரமேரூர் வர்ற வரைக்கும் நான் கையை எடுக்கல.