அக்கா சைக்கிளுக்கு ஒரு கடை

ஒரு பழைய லேடீஸ் சைக்கிளுக்கு ரிப்பேர் கடை பார்ப்பதற்காக எங்கள் நைனா ஒரு நாள் முழுவதையும் செலவழித்தார். அதுவும் கழனியில் ஆள் விட்டிருந்த சமயத்தில். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவரைப் போல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு உத்திரமேரூருக்குக் கிளம்பினார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க உத்திரமேரூர்தான் போகவேண்டும். ஏரிக்கரை வழியாக நாலு மைல். அக்கா அழுது, அடம்பிடித்து, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சம்மதம் வாங்கினாள். பழையசீவரத்தில் ஒரு வாத்தியார் மகள் ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளை நைனா வாங்கி வந்தார். பெரியப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "அனுப்பு, வாணாங்கல. ஒரே ஒரு பேச்சு வந்துச்சுன்னாலும் அன்னிக்கே நிறுத்திடணும்" என்றார். நைனா தலையை ஆட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக் கடைதான் முதலில். கண்ணாடிப் பெட்டியில் புது பெல்லும் டைனமோவும் பளபளத்தன. டேப் ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது. வாசலில் நீள பெஞ்சு, அதில் நாலைந்து வாலிபர்கள். மெக்கானிக் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பஞ்சரை ஒட்டி அனுப்பினான். சொர்க்கம் என்றால் இதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நைனா எதிரில் நின்று ஒரு டீ குடித்தார். அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைத் தள்ளினார். சந்தைப் பக்கத்துக் கடைக்கு எதிரே சாராயக்கடை இருந்தது. அங்கே அவர் நிற்கக்கூட இல்லை.

கடைசியாக மசூதித் தெருவில் ஒரு பாய் கடை. கடை என்ன கடை, அவர் வீட்டு முன்பக்கம்தான். தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வருகிறதா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சு இல்லை, பாட்டு இல்லை. நைனா கேட்டது ஒரே கேள்வி.

"எம்பொண்ணு வண்டி எடுத்துக்கினு வந்தா எங்க நிக்கும் பாய்?"

பாய் நிமிர்ந்து பார்த்தார். வாசல் திரைப்பக்கம் கையைக் காட்டினார். "ரோட்டுல ஏன் நிக்கணும்? உள்ள எங்க வூட்டம்மா கீறாங்க. வந்து குந்தட்டும்."

நைனா அவருக்குக் கும்பிடு போட்டார். ரிப்பேர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கடையை முடிவு செய்த மனுஷனை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு ஒரே எரிச்சல்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அக்கா எப்போதும் முதல் மார்க். பாய் வீட்டம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுப்பார், சில நாள் சேமியா கொடுப்பார். பிரேக் சரியில்லாமல் பாய் அவளைக் கடையிலிருந்து அனுப்பியதே இல்லை.

நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, பாயிடம் போய் மாற்றிக்கொண்டு வா என்று அக்கா என்னை அனுப்பினாள். பாய் யாருடைய சக்கரத்துக்கோ கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். "குந்து தம்பி, அரமணி நேரம் ஆவும்" என்றார். அரைமணி நேரம் காத்திருக்க எனக்கு என்ன தலையெழுத்தா? நேரே பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

அங்கே என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "யாருதுடா இந்த வண்டி?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் கலர் சோடா உடைத்துக் கொடுத்தான். பெரியவர்கள் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அதற்கு முன்னால் கிடையாது. எல்லாம் சொன்னேன். எங்க அக்கா வண்டி, அக்காதான் கிளாஸில் முதல் மார்க், எத்தனை மணிக்கு ஏரிக்கரையில் வருவாள், வீட்டில் மட்டும் நாங்கள் அக்காவை என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்பது வரைக்கும். சோடா தீரும்வரை சொன்னேன். சீக்கிரமாக வீட்டுக்கு வந்தவனை அக்கா பார்த்தாள். "அதுக்குள்ள பாய் போட்டுட்டாரா?" என்றாள். "போட்டுட்டாரு" என்றேன். என் நாக்கு சிவப்பாக இருந்ததைப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஏரிக்கரையில் இரண்டு சைக்கிள்கள் அக்காவுக்குப் பின்னால் பெல் அடித்துக்கொண்டு வந்தன. அவள் வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் ஒரு சாயங்காலம் பெரியப்பா பார்த்துவிட்டார். அக்கா வண்டியை நிறுத்தி, கேரியரில் செருகியிருந்த கடிதத்தையும் எடுத்துவிட்டார். அப்படி ஒன்று அங்கே இருப்பது அக்காவுக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அக்காவும் நானும்தான். பெரியப்பா கடிதத்தை என்னிடம் கொடுத்தார். வகுப்பில் பாடம் வாசிப்பதைப்போல உரக்க, திக்காமல் வாசித்தேன். முதல் வரியிலேயே அந்தச் செல்லப்பெயர் இருந்தது.

"வூட்டுல கூப்புட்ற பேரு அவனுக்கு எப்டிடா தெரியும்?" என்றார் பெரியப்பா, நைனாவைப் பார்த்து.

நைனா அக்காவிடம் கேட்டார். "எந்தக் கடைக்கும்மா போன?"

அக்கா என்னைப் பார்த்தாள். சோடா குடித்ததற்கு அடி விழும் என்றுதான் பயந்தேன், சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. அவள் கண்ணை எடுத்துக்கொண்டு, "பாய் கடைக்குத்தான் நைனா" என்றாள். யாரும் நம்பவில்லை. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, சைக்கிள் எனக்கு என்று ஆயிற்று. லேடீஸ் வண்டி ஓட்டினால் பையன்கள் கேலி செய்வார்கள், நடுவில் குறுக்குக் கம்பி வைத்துத் தரவேண்டும் என்று அடம்பிடித்தேன். நைனா முதலில் பாயிடம்தான் போனார். பாய் வண்டியைத் தொடவில்லை. "பாப்பா வர்லியா?" என்று மட்டும் கேட்டார். நைனா இல்லை என்று தலையசைத்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு நின்றது. "கம்பி பத்தவெக்க என்னால ஆவாது. பஸ் ஸ்டாண்டாண்ட போங்க" என்று பாய் மறுபடியும் சட்டிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தயங்கினேன். நைனா வண்டியைத் திருப்பினார். "இனிமே எந்தக் கடையா இருந்தா இன்னா" என்றார்.

கம்பி பற்றவைத்து முடியும்வரை நைனா அந்த நீள பெஞ்சில், வாலிபர்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு நெருப்புப்பொறி பறப்பதைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

வீட்டு வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். புதிதாகப் பற்றவைத்த அந்தக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தாள். "நல்லா கீதுடா" என்றாள். கம்பிக்குக் கீழே காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு, பெல் அடித்துக்கொண்டே தெருவை மூன்று சுற்று சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவள் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாக ஓட்டுகிறேன், அதனால் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.