கொறக்காவில் அவித்த சோயா

என் மகளுக்கு சோயா ஆகாது என்று தெரிந்தது அவளுடைய மூன்றாவது வயதில். ஒரு கல்யாண வீட்டுக் கறியில் கிடந்த சோயா மீட் துண்டொன்றைத் தின்றாள். சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, கண்கள் மூடிக்கொண்டன. அன்றிலிருந்து பிஸ்கட் உறையைக்கூட வாசிக்காமல் நான் பிரித்ததில்லை. பாடசாலை இடைவேளை நேரத்தில், புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் எங்கள் குசினியில் நின்றபடி, இப்போது யாருடைய சாப்பாட்டில் கை வைக்கிறாளோ என்று நினைப்பேன்.

அவளுக்கு ஏழு வயதான வருடம் கடல் பல நாட்கள் கொந்தளித்துக் கிடந்தது. என் கணவர் தோணி இறக்கவில்லை. மீன் இல்லாததால் ஊரில் எல்லா வீட்டிலும் சோயா மீட்தான் வெந்தது. ஒருநாள் மகள் பாடசாலையால் வந்து, பக்கத்துப் பிள்ளையின் சோயாக் கறி நல்ல வாசம் என்றாள். தின்றாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். நம்பினேன், ஆனாலும் வாயைத் திறக்கச் சொல்லி மணந்து பார்த்தேன். அவள் அழுதாள். இப்படியே எத்தனை வருடம் அவளைக் காவல் காப்பது என்று எனக்கும் அழுகை வந்தது.

உயர்தர வகுப்பில் நான் உயிரியல் படித்தவள். ஒவ்வாமைக்குக் காரணம் புரதம் என்பதும், சூட்டிலும் புளிப்பிலும் புரதம் வடிவம் குலையும் என்பதும் தெரியும். கொதிநீரில் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுகிறது. தேசிக்காய்ச் சாற்றில் பச்சை மீன் வெந்ததுபோல் வெளுக்கிறது. சோயாவை இரண்டிலும் போட்டு வதைத்தால் அதில் என்ன மிஞ்சப்போகிறது என்று நினைத்தேன்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் வலையின் கிழிசல் பொத்தப் போன காலையில், சோயா மீட்டைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துப் பிழிந்து, கொறக்காப் புளி போட்டு இரண்டு மணித்தியாலம் கொதிக்கவிட்டேன். கடைசியில் அது சாயம் போன துணி மாதிரிக் கிடந்தது. அதில் நகத்தளவு மகளுக்குக் கொடுத்துவிட்டு, பொழுதுபட்டு மஃரிப் வரை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தொழுகையில் சந்தோசத்தில் அழுதேன்.

மறுநாள் பகல் சோற்றோடு இரண்டு முழுத் துண்டுகள் வைத்தேன். ஆசையோடு தின்றாள். பிறகு கையைக் கழுவாமலே என்னிடம் வந்தாள்.

“உம்மா, தொண்டைக்குள்ள என்னமோ அடைக்கிது.”

நான் தண்ணீர் எடுப்பதற்குள் உதடு வீங்கியிருந்தது. மூச்சு விசில்போலச் சத்தமிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் த்ரீவீலில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். “மூச்செடுங்க மகள், மூச்செடுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓதத் தெரிந்ததெல்லாம் பாதி பாதியாக வாயில் வந்தது. என் முந்தானையைப் பிடித்திருந்த அவளுடைய கை வழியில் ஓரிடத்தில் தளர்ந்தது. நான் பைத்தியக்காரிபோல் ஓட்டுபவரின் முதுகில் அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு சீராகிய பிறகுதான் டாக்டர் என்னிடம் வந்தார். இளம் சிங்களப் பெண். தமிழை நிதானமாகப் பேசினார். தேசிக்காய், கொறக்கா, இரண்டு மணித்தியாலம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்னாலேயே ஓடிவந்த கணவர் கதவோரம் நின்று அதை முதல்தடவையாகக் கேட்டார்.

நான் நினைத்தது முழுப் பிழை இல்லை என்றார் டாக்டர். சோயாவில் பல புரதங்கள் உண்டு. சில சூட்டில் குலைந்துவிடும், வயிற்றுப் புளிப்பில் சிதைந்துவிடும். ஆனால் விதை தனக்கென்று சேமித்து வைக்கும் பெரிய புரதங்கள் உறுதியானவை. கொதித்து உருமாறினாலும், உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும் துண்டுகள் அவற்றில் மிஞ்சும். முதல்நாள் ஒன்றும் ஆகாதது அளவு குறைவு என்பதால்தான் இருக்கும்.

“சோயா மீட்டே பெக்டரியில பெரிய சூட்டுலதான் செய்யிறாங்க,” என்றார். “அதுல போகாதது உங்கட சட்டியில போகுமா?”

கணவர் சத்தம் போடவில்லை. வெளியே வந்ததும், “என்னட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார்.

இரண்டு நாட்களில் வீட்டுக்கு விட்டார்கள். அன்று பகல் பருப்பும் சோறும் பிசைந்து மகளிடம் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள்.

“வாப்பா தரட்டும்,” என்றாள்.

பல மாதங்கள் அவர்தான் ஊட்டினார். சமைத்தது நான். அடுத்த அறையில் இருந்து, அவள் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.