கால் பக்கம் யாரும் இல்லாத போர்வை

சிம்பாங் பூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பில் யாருக்குக் கால்சட்டை நீளமாகிப் போனாலும் அது நேரே சரளாவின் தையல் மெஷினுக்குத்தான் வரும். அவளுக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஒரு தீபாவளிக்கு மூன்று வீட்டாரிடமும் "முதல்ல உங்களுதுதான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மூவரும் ஒன்றாக வந்து நின்றபோது குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள் அவள்.

மகள் தினேஸ்வரிக்குக் கேமரன் மலையில் ஆசிரியை வேலை கிடைத்ததும், அந்தக் குளிருக்கு ஒரு போர்வை தைக்க முடிவு செய்தாள். சொந்தக்காரர்கள் உடுத்திய துணியில் ஆளுக்கொரு துண்டு வாங்கி ஒட்டுப்போட்டுத் தைத்தால், பிள்ளை தனியாகப் படுத்தாலும் குடும்பமே கூடப் படுத்த மாதிரி இருக்கும். நல்ல யோசனைதான். குடும்பம் கூடினால் சண்டை வரும் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

முதலில் வந்தது கணவன் ராஜுவின் அக்கா செல்லாயி, மயில்பச்சைப் பட்டோடு.

"தலைப் பக்கமா வையி சரளா. என் சேலையப் புள்ள கால்ல போட்டு மிதிக்கக் கூடாது லா."

"சரி அண்ணி."

மறுநாள் தாப்பாவிலிருந்து சரளாவின் சொந்த அக்கா பாப்பா, ஆரஞ்சு நிறச் சேலையோடு வந்தாள். மேசைமேல் பச்சைப் பட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அது மேல, என்னுது கீழயா? கூடப் பொறந்தவ நானு. பாத்துச் செய்யி."

"சரிக்கா."

ஒரு கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிக்காக முறைத்துக்கொண்டதிலிருந்து அந்த இருவருக்கும் பேச்சு கிடையாது. பிள்ளை கிளம்பும்போது அத்தையும் பெரியம்மாவும் சேர்ந்து நின்று திருநீறு பூசி அனுப்ப வேண்டும். சரளாவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். ஒரு துண்டு இடம் மாறினாலும் ஒருத்தி வரமாட்டாள்.

பிறகு பழைய தோட்டத்துச் சொந்தமெல்லாம் வந்தது. ஊதா, ரோஜா, பாத்தேக் சட்டை. ராமையா சித்தப்பா மஞ்சள் பந்து ஜெர்சியைக் கொடுத்து, "இடுப்புக்குக் கீழ மட்டும் வேணாம்மா" என்றார். எல்லாருக்கும் அவள் பதில் 'சரி'தான். போர்வை பக்கவாட்டிலேயே வளர்ந்தது.

சனிக்கிழமை தினேஸ்வரி போர்த்திப் பார்த்தாள். அகலத்தில் நாலு பேர் படுக்கலாம். நீளம் முழங்காலோடு நின்றுவிட்டது.

"ம்மா, இது போர்வையா பந்தலா? அங்க ரொம்ப செஜுக் லா, குளிர்ல காலு வெறச்சிடும்."

"கால் பக்கம் யாருமே வரமாட்டேங்கிறாங்கடி!" என்று சொல்லும்போதே சரளாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரையெல்லாம் சந்தோஷப்படுத்தப் போய், பெற்ற பிள்ளையின் காலை மறந்துவிட்டாளே.

ராஜு லாரி ஓட்டுகிறவன். மகளுக்கு வேலை உத்தரவு வந்ததிலிருந்து, மலைப்பாதையில் பிரேக்கை எப்படி மிதிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவன். அறைக்குள் போய்த் தன் நீலக் கட்டம்போட்ட கைலிகள் இரண்டைக் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டான்.

"இத கால் பக்கம் தை."

"அப்பா துணிங்க. கால்ல போடலாமா?"

"சின்னதுல என் நெஞ்சு மேல ஏறி மிதிச்சவதான அவ. இப்ப என்ன புது மரியாதை?"

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வழியனுப்ப அத்தை, பெரியம்மா இருவருமே வந்தார்கள். தலைமாட்டில் தத்தம் மூலையைத் தடவிப் பார்த்துத் தலை நிமிர்ந்தார்கள். கடைசியில் கைலியைக் கண்டதும் செல்லாயி தன்னை மறந்து பாப்பாவிடம், "என் தம்பிக்கு அந்த எடந்தான் சரி" என்றாள். பாப்பாவும், "பின்ன?" என்று சிரித்தாள். இருவர் கைகளும் ஒன்றாகத் திருநீற்றுத் தட்டுக்கு நீண்டன.

மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினேஸ்வரி அனுப்பிய படம் வந்தது. கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். மோவாயின் கீழே நீலக் கட்டம். பச்சைப் பட்டும் ஆரஞ்சும் தூரத்தில், கால்மாட்டில். 'அப்பா கைலி மூஞ்சிகிட்ட இருந்தாதான் தூக்கம் வருது' என்று கீழே எழுதியிருந்தாள்.

சரளா ஓடிப்போய்க் கணவனிடம் காட்டினாள். ராஜு கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தான். "வெயிலு, கண்ணு கூசுது" என்றான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அதற்குள் கைப்பேசி அலறியது. செல்லாயி.

"சரளா, அந்தப் புள்ளயத் திருப்பிப் போத்தச் சொல்லு!"

சரளா கணவனைப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

"முடியாது அண்ணி" என்றாள்.

அடுத்து பாப்பா அழைத்தாள். அவளிடமும் அதையே சொன்னாள். இந்த முறை இன்னும் சுலபமாக வந்தது.