கொக்கி சார் போடாத கையெழுத்து

சாக்பீஸை இரண்டாக ஒடித்து ஒரு பாதியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் அவர் பலகைப் பக்கம் திரும்புவார். "முழுசா எடுத்தா கிறீச்சுனு கத்தும். பாதின்னா சொன்ன பேச்சு கேட்கும்" என்பார். பிறகு பலகையின் நட்டநடுவில் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதுவார். ஒரு நாள் 'பட் இஃப்'. மறுநாள் 'அண்ட் வென்'. இன்னொரு நாள் 'பிகாஸ் இஃப்'. முன்னாலும் ஒன்றும் இராது, பின்னாலும் ஒன்றும் இராது.

இதற்கு அவர் வைத்த பெயர் இரட்டைக் கொக்கி. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கொக்கி சார். அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. சிரித்துக்கொள்வாரே தவிரக் கண்டுகொள்ள மாட்டார்.

பகலில் பார்சல் அலுவலகத்தில் முகவரி சரிபார்க்கிற வேலை. மாலை ஆறிலிருந்து எட்டுவரை, சாவி வெட்டும் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் பேச்சு ஆங்கில வகுப்பு. மூடிப்போன ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாற்காலிகள், மூன்று மூன்றாக ஒரே இரும்புச் சட்டத்தில் பிணைந்தவை. ஓரத்தில் இருப்பவர் தும்மினால் மற்ற இருவரும் ஆடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டு வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள்: ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்கள். 'இவருக்குப் பேச வரும்' என்று அவர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால்தான் ஏஜென்சிக்காரன் டிக்கெட் எடுப்பான்.

பாடம் எளிமையானதுதான். 'பஸ் இன்னும் வரவில்லை, ஆனால் வந்தால் ஏறிவிடுவேன்.' நாம் 'வந்தால்' என்று வினையின் வாலிலேயே முடிச்சைப் போட்டுவிடுகிறவர்கள். ஆங்கிலத்தில் அந்த முடிச்சு 'இஃப்' என்ற தனிச் சொல்லாகி முன்னால் வந்து, ஏற்கெனவே நிற்கிற 'பட்'டின் தோளில் இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு இணைப்புச் சொற்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நாக்கு உள்ளே போய்விடும். ஒன்றை விழுங்கிவிடுவார்கள். அல்லது வாக்கியத்தையே பாதியில் முடித்துவிடுவார்கள். அந்த இடத்தில்தான் கொக்கி சார் விடமாட்டார். "நிறுத்தாதே. ரெண்டும் சேர்ந்தே வரட்டும், தப்பில்ல. ஒரு கொக்கி பாரம் தாங்காது" என்பார்.

"ரெண்டு கொக்கி மாட்டினா வண்டி வளைவுல திரும்பாது சார்" என்று ஒரு லாரி ஓட்டுநர் சொன்னார்.

"இருபது சக்கர வண்டி ஓட்டினவர் பேசுற பேச்சா இது? ரிவர்ஸ்ல வராதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

வகுப்பு சிரித்து முடிப்பதற்குள் ஓட்டுநரே ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். அரிசி தீர்ந்தது, குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டில் சண்டை என்று எல்லாம் அன்றாடச் சமாச்சாரம்தான். ஆனால் கடைசிப் பரீட்சை யாராக இருந்தாலும் ஒன்றுதான். எதிரே உட்கார்ந்து, ஸ்டெதஸ்கோப் இல்லாத டாக்டர் மாதிரி கேட்பார்: "எங்கே வலிக்குது? சொல்லு." வலிக்கிற இடத்தை மட்டும் சொன்னால் போதாது. எப்போது வலிக்கிறது, எப்போது விடுகிறது, மாத்திரை போட்டும் போகவில்லையென்றால் என்ன ஆகிறது, அத்தனையும் ஒரே மூச்சில், கொக்கிகளோடு வர வேண்டும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் இப்படிக் கற்றுக்கொடுத்தவர் அல்ல. 'சின்ன வாக்கியம், சுத்தமான வாக்கியம்' என்பதுதான் அப்போதைய கொள்கை. புள்ளி வைத்து நிறுத்து. நீட்டினால் தப்பு வரும். தப்பு வந்தால் சிரிப்பார்கள். அந்த முறையில் அவர் தயார்செய்து அனுப்பியவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி.

தமிழில் அவள் வாயைத் திறந்தால் வாக்கியம் முடியவே முடியாது. "போனேனா, போனா அங்க ஆளே இல்ல, சரி இல்லாட்டி போகுதுன்னு திரும்பினா, அந்தப் பொம்பளை எதிர்ல வருது, வந்தது சும்மா வந்துச்சா…" என்று வாசலில் ஆரம்பித்தது சோறு ஆறும்வரை போகும். "இதுல எழுவாய் எங்கடி இருக்கு?" என்று கேட்பார். "அது சமையல்கட்டுல வேலை பார்த்துட்டிருக்கு" என்பாள். அவளைத்தான் ஆறே வாரத்தில், அதே சமையலறையில், துண்டு துண்டாகப் பேசப் பழக்கினார். தூர தேசத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போனாள்.

அங்கே போய்ச் சேர்ந்த எட்டாவது மாதம், போனில் விலாவுக்குக் கீழே வலி என்றாள். படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது, ஆனால் ராத்திரி வந்துவிட்டால் போவதில்லை. டாக்டரிடம் சொல் என்றார். அடுத்த வாரம் அவளே பெருமையாக ஒப்பித்தாள், டாக்டரிடம் தான் சொன்னதை: எனக்கு வலி இருக்கிறது. வலி சிறியது. நான் வேலை செய்கிறேன். மூன்று வாக்கியம், மூன்று புள்ளி. டாக்டர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"சபாஷ், ஒரு தப்பு இல்ல" என்றார் இவர்.

பெட்டியோடு போனவள் நான்கு வாரம் கழித்துப் பெட்டியில் வந்தாள்.

நீளமாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "முடிஞ்சதை நினைச்சு நினைச்சு எதுக்கு அத்தான் உடம்பைக் கெடுத்துக்கறீங்க" என்று மனைவியின் தங்கை, ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டுவரும்போதெல்லாம் சொல்வாள். அவர் தலையாட்டுவார். அவர் ஏங்குவது பெரிதாக எதற்கும் அல்ல. அந்த டாக்டரின் அறையில் அவள் தன் பாணியில், மூச்சு விடாமல், போனேனா வந்தேனா என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு தடவை பேசியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்க வேண்டும்போல் இருக்கும். பார்சல் முகவரிகளைச் சரிபார்க்கும் நேரத்தில் அந்த வாக்கியத்தை அவரே அவள் குரலில் கட்டிப் பார்ப்பார். பாதிவரை வரும். அதற்குமேல் குரல் அவருடையதாகிவிடும்.

போன மாதம் ஒரு பெண்ணின் சீட்டு அவரிடம் மாட்டிக்கொண்டது. நாற்பது வயது, பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை. அவளும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் கொக்கி வழுக்காமல் மாட்டும். வார்டில் அவள் கேட்காத வலியா? பரீட்சையில் மூன்று தடவையும் மணி மணியாகச் சொன்னாள். முதல் தடவை குரல் எழும்பவில்லை என்று திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை நடுவில் சிரித்துவிட்டாய் என்றார். மூன்றாவது தடவை, அவசரப்படுகிறாய். சனிக்கிழமைக்குள் சீட்டு போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"ஒண்ணு கேட்கலாமா சார்? எனக்கு இங்கிலீஷ் வரலையா, உங்களுக்கு என்னை அனுப்ப மனசு வரலையா?"

அவர் திரும்பவில்லை. இன்னும் ஒரு வாரம் பழகினால் நல்லது என்று பலகையைப் பார்த்தே சொன்னார்.

"உங்க வீட்டு அம்மா விஷயம் எனக்குத் தெரியும் சார். இங்க வர எல்லாருக்கும் தெரியும். படியேறும்போதே கீழ்க் கடைக்காரர் சொல்லிடுவார். அதனாலதான் யாரும் உங்ககிட்ட சண்டை போடறதில்ல."

அவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தானாகவே ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எனக்கு வலித்தால் சொல்வேன், சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லையென்றால் மறுபடி சொல்வேன், ஆனால் அப்போதும் கேட்காவிட்டால் அந்த அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன், ஏனென்றால் நான் எழுந்து வந்துவிட்டால் இங்கே ஒருவர் இன்னொரு பெண்ணுக்குக் கையெழுத்துப் போடவே மாட்டார். கொக்கிக்கு மேல் கொக்கியாக மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது வாக்கியம். நடுவில் ஓரிடத்தில் வினையின் காலம் பிசகியது. அவருக்கு அது கேட்டது. திருத்தவில்லை.

மேசை இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்தார். அவள் பெயரை நிதானமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார். பிறகு நீட்டினார்.

அவள் எழுந்து வந்து இந்த முனையைப் பிடித்தாள். அந்த முனையை அவர் இன்னும் விடவில்லை. அவள் இழுக்கவில்லை. அந்த விரல்கள் தாமாக விடும்வரை, சீட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.