தீர்த்தகிரியைப் பூட்டிக்கொண்ட கார்

சூரமங்கலத்தில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தி காதில் விழுந்தது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு மின்சாரக் கார் தன் முதலாளியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டதாம். மத்தியானம் முழுக்க விடவே இல்லையாம். சீனாவில் உட்கார்ந்து எவனோ பட்டனை அழுத்திவிட்டானாம். பக்கத்து நாற்காலியில் முகம் நிறைய நுரையோடு இருந்தவர் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தார்: அந்தக் கார் ஆளோடு தானாகவே கிளம்பிக் கொல்லிமலை ஏறப் பார்த்ததாம், முதல் கொண்டை ஊசி வளைவைக் கண்டதும் மனசு மாறித் திரும்பிவிட்டதாம்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவன். கார் மலை ஏறியதைக்கூட நம்பியிருப்பேன். ஆனால் உள்ளே மாட்டிய ஆள் சேந்தமங்கலம் தீர்த்தகிரி என்று சொன்னார்கள். அதைத்தான் நம்ப முடியவில்லை.

தீர்த்தகிரி மக்காச்சோள ஏஜெண்ட். காட்டில் விளைந்த சோளத்தைக் கோழிப்பண்ணைக்குச் சேர்த்துவிட்டு நடுவில் கமிஷன் பார்ப்பவர். அது பிழைப்பு. ஊரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு. அவர் ஒரு கார் கம்பெனியின் பக்தர். அந்தக் கம்பெனியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். விளம்பரமாகிவிடும், அந்த வேலையை அவரே காசு வாங்காமல் இருபது வருடமாகச் செய்துவிட்டார். அவர் வாயில் அது எப்போதும் "நம்ம கம்பெனி". பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி என்று யார் கார் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போவார்கள். அவர் ஒரு கதவைத் திறந்து மூடுவார், அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்பார், தலையை ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் செக் எழுதப்படும். சாவியை முதலில் தீர்த்தகிரி கையில் கொடுத்து, அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். கைராசியாம். நாமகிரிப்பேட்டைக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் அந்தச் சொந்தபந்தம் முழுக்க ஒரே கம்பெனி வண்டிதான். கல்யாண மண்டப வாசலில் யார் சாவியை யார் போட்டுத் திருப்புகிறார்கள் என்று தெரியாமல் அடிக்கடி தகராறு வரும்.

மின்சாரக் கார் பற்றி அவர் கருத்தும் ஊருக்கே தெரிந்ததுதான். அவர் மனைவி சௌந்திரத்தின் தம்பி காளியண்ணன் இரண்டு வருடத்துக்கு முன் ஆசையாக ஒரு மின்சாரக் காருக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தார். சேதி தெரிந்த அன்றைக்கே தீர்த்தகிரி மச்சினன் வீட்டுக்குப் போய், பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "ஏன் மாப்ளே, சார்ஜ் போட்டு ஓட்டறதுக்கு அதென்ன வண்டியா, செல்போனா? நடு ரோட்டுல நின்னா, என்ன, மிஸ்டு கால் குடுப்பியா?" பத்துப் பேரும் சிரித்தார்கள். காளியண்ணன் அட்வான்ஸை விட்டுவிட்டு "நம்ம கம்பெனி" டீசல் வண்டி வாங்கினார். சாவி, வழக்கம்போல, தீர்த்தகிரி கையிலிருந்து.

அப்படிப்பட்டவர் எப்படி மின்சாரக் காருக்குள்?

அந்தக் காரை விற்கும் இடத்தில் மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். "எந்தக் கதவும் உள்ளருந்து தொறக்கும் சார். கைப்பிடிய இழுத்தாப் போதும். சார்ஜ் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்றார். காரையே கொண்டுவந்து செய்தும் காட்டினார். இழுத்தார், திறந்தது. சீனாக்காரன் தலையிடவில்லை.

கார் பூட்டிக்கொண்டதாகச் சொன்ன அன்றைக்கு நாமகிரிப்பேட்டையில் காளியண்ணன் தோட்டத்தில் கெடா வெட்டு விருந்து. அதற்குச் சமைத்த சின்னண்ணனைத் தேடிப் போனேன். அவர் அடித்துச் சொன்னார்: "பூட்டிக்கிச்சுங்க. என்ற ரெண்டு கண்ணால பாத்தனுங்க. உள்ள கோழி மாதிரி வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தாருங்க பாவம்."

கார் பூட்டாது, ஆனால் ஆள் மாட்டியிருந்தார். இரண்டும் உண்மை. இனி சம்பந்தப்பட்டவரைத்தான் கேட்க வேண்டும். தீர்த்தகிரி என்னைச் சேந்தமங்கலம் வீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, சோள விலையைப் பற்றிப் பேசினார். காபியோடு வந்த சௌந்திரம், "எல்லாத்தையும் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி இவரு கார் மலையேறின கதையத்தான் எழுதுவாரு" என்றார். அதற்குப் பிறகு சொன்னார்.

ஆரம்பம் ஒரு கேள்வி. பழைய காருக்கு வயசாகிவிட்டதென்று அவர் "நம்ம கம்பெனி" ஷோரூமுக்குப் போனார். எத்தனையோ வருடம் சொந்தபந்தத்தைக் கும்பல் கும்பலாக அழைத்து வந்து இறக்கிய இடம். வாசலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "வாங்க சார். முதல் கார் வாங்கறீங்களா சார்?" என்றாள்.

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அது அவளுக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம். தீர்த்தகிரிக்கும் அது தெரியும். "தெரியுமுங்க. ஆனா கேட்டுப்போட்டா பாருங்க" என்றார். தண்ணீர் பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புது மின்சாரக் கம்பெனியின் கடை. கோபத்தில் ரோட்டைத் தாண்டினார். கோபம் தணிவதற்குள் ஏழு வருட லோனில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கதவைத் திறந்து மூடிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு எப்படி ஓட்டி வருவது? நாமக்கல்லில் ஒரு சிநேகிதரின் முட்டைக் குடோனில் கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் பழைய காரில் வீட்டிலிருந்து கிளம்புவார். குடோனில் அதை நிறுத்திவிட்டுப் புதுக் காரில் பண்ணை பண்ணையாகப் போவார். சாயங்காலம் திரும்பவும் மாற்றிக்கொண்டு வீடு வருவார். சின்ன வீடு வைத்துக்கொண்டவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக நேரம் காப்பதில்லை. இதில் பெரிய கொடுமை, வண்டி அவருக்குப் பிடித்துப் போனதுதான். சத்தமில்லை, புகையில்லை, டீசல் செலவில்லை. பாராட்ட வாய் துடித்தது. கேட்க ஒரு ஆள் கிடையாது. முட்டைகளிடம் சொல்லிப் பார்த்திருப்பார்.

கெடா வெட்டு ஞாயிற்றுக்கிழமை. சௌந்திரம் முதல் நாளே தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் ஒரு பண்ணைக்காரரைப் பார்க்க வேண்டியிருந்ததால் தீர்த்தகிரி வழக்கம்போலக் குடோனுக்குப் போனார். வாசலிலேயே பழைய காரின் கிளட்ச் போய்விட்டது. ஞாயிறு, மெக்கானிக் கிடையாது. பஸ் பிடித்தால் பந்தி முடிந்துவிடும். அக்கா வீட்டுக்காரர் இல்லாமல் கெடா வெட்டினால் அந்தக் குறை இன்னொரு கெடா வெட்டினாலும் தீராது. வேறு வழியில்லாமல் புதுக் காரை எடுத்தார். முந்தின நாள் மின்வாரியத்தில் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். வண்டியில் சார்ஜ் கொஞ்சம்தான். போகிற வழியில் ஒரு ஓட்டலில் சார்ஜ் போடும் வசதி உண்டு. உள்ளே திருப்பினார். அங்கே கெடா வெட்டுக்குப் போகிற பங்காளிகள் வரிசையாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வந்த வேகத்தில் வெளியே திருப்பிவிட்டார்.

மின்சாரக் காருக்கு நம்பர் பலகை பச்சை. ஊர் வந்து சேருமுன் ஒரு சாமந்தி மாலை வாங்கி முன்பலகை மேல் தொங்கவிட்டார். சாமி காரியத்துக்குப் போகிற வண்டிதானே, யாரும் கேட்க மாட்டார்கள். பின்பலகைக்கு வாய்க்கால் சேறு. திட்டம் இது: தோட்டத்துக்கு முன்னாலேயே ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, நடந்து போய், பஸ்ஸில் வந்ததாகச் சொல்வது. புளியமரம் வந்தது. அடியில் ஏற்கெனவே நாலு கார் நின்றன. நாலும் "நம்ம கம்பெனி". அடுத்த நிழல் வரைக்கும் போகலாம் என்று உருட்டினார். வண்டி காளியண்ணன் தோட்டத்துக் கேட்டுக்கு நேர் எதிரே வந்து, ஒரு பெருமூச்சுக்கூட விடாமல், நின்றது.

இறங்கினால் பந்தியில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். நடு ரோட்டில் நிற்கிற மின்சார வண்டி, அதிலிருந்து இறங்குகிற தீர்த்தகிரி. மிஸ்டு கால் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அந்த மனுசருக்குக் கமிஷன் பணம் வரும், போகும். சேர்த்து வைத்தது என்று ஒன்றிருந்தால் அது கார் விஷயத்தில் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்புதான். அது கேட்டுக்கு அந்தப் பக்கம் இலை போட்டு உட்கார்ந்திருந்தது.

அதனால் இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது போல வாயை அசைத்தார். பூட்டுக்கும் விளக்குக்கும் தனியாக இருக்கிற சின்ன பேட்டரியைத் தவிர எல்லாம் ஓய்ந்து, ஏசி நின்றுவிட்டது. வெயில் நேராக மடியில் விழுந்தது. ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கறிக்குழம்பு வாசம் மட்டும் எப்படியோ உள்ளே வந்தது. காலையில் குடித்த மோர் வேறு வெளியேற வழி கேட்டது. முதல் பந்தி எழுந்தது. கை கழுவ வந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் வந்தார், இருவர் வந்தார்கள், கார் இருட்டிவிடும் அளவுக்குக் கண்ணாடியை முகங்கள் மூடிக்கொண்டன.

காளியண்ணன் வெளியிலிருந்து கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, வராமல் போகவே, கண்ணாடியைத் தட்டினார். "மாமா! இங்க எதுக்குங்க உக்காந்திருக்கறீங்க? எறங்குங்க!"

அந்த நொடியில் தீர்த்தகிரி வாயிலிருந்து அது வந்தது. "லாக் ஆயிப்போச்சு மாப்ளே! தொறக்க மாட்டீங்குது!"

"யாரு வண்டிங்க இது?"

"சிநேகிதனோடது! ஓட்டிப் பாக்கலாம்னு வாங்கியாந்தேன்! எலெக்ட்ரிக்கு! நான் அன்னிக்கே சொன்னன்ல மாப்ளே!"

சொன்னதும் அவருக்கே ஒரு நிம்மதி வந்ததாம். பொய்யானாலும் எல்லாம் பொருந்தி வந்தது. வண்டி கெட்டது, அவர் பேச்சு பிழைத்தது. கொஞ்ச நேரத்தில் சமாளித்து இறங்கிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் சொந்தக்காரர்களின் அன்பை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"சாமி, பயப்படாதீங்க! பேட்டரி மேல தண்ணி ஊத்துனா விட்டுருமுங்க!" என்று சின்னண்ணன் குடத்தோடு வந்தார். "தண்ணி ஊத்துனா ஷாக்கடிக்கும்யா, தள்ளிப் போ!" என்றார் ஒரு பங்காளி. ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். ஒருவர் தீயணைப்புக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. சீனாவிலிருந்தே எவனோ பூட்டிவிட்டான் என்றார் இன்னொருவர். கதைக்குள் சீனா வந்து சேர்ந்தது அப்போதுதான்.

காளியண்ணன் மட்டும் தோட்டத்துக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். மாமனைக் காப்பாற்றும் வேகமா, விட்டுப்போன அட்வான்ஸின் வேகமா, தெரியாது. முகம் அவ்வளவு மலர்ச்சியாக இருந்ததாம்.

"மாமா, மூஞ்சிய அக்கட்டத் திருப்பிக்குங்க. ஒரே போடு."

"இரு மாப்ளே! இரு! சிநேகிதன் வண்டி!"

"உங்க உசுரை விடவா வண்டி? திரும்பிக்குங்க மாமா!"

கைப்பிடி அவர் தொடைக்குப் பக்கத்தில் இருந்தது. இழுத்தால் திறக்கும். இழுத்தால் பொய். இழுக்காவிட்டால் கண்ணாடி போகும், லோன் ஏழு வருடம் நிற்கும். கையைக் கைப்பிடி மேல் வைத்தார், எடுத்தார், வைத்தார். இழுக்க முடியவில்லை. "கை வரலீங்க" என்றார் என்னிடம், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே. கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது கார் 'கீங்' என்றது. நாலு விளக்கும் ஒரு தரம் மின்னின.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சௌந்திரம் வந்தார். ஒரு கையில் சோற்றுத் தட்டு. இன்னொரு கையில் சாவி. வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் எப்போதோ கிடைத்த, அந்தக் காரின் இரண்டாவது சாவி. என்றைக்காவது அவராகச் சொல்வார் என்று கைப்பையிலேயே போட்டு வைத்திருந்தாராம். கதவைத் திறந்து சொன்னார்: "சோறு ஆறுது. எறங்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்கிறார் தீர்த்தகிரி. எல்லோரும் அந்தச் சாவியையே பார்த்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவிகளெல்லாம் ஒரு காலத்தில் அவர் கையிலிருந்து வந்தவை. இறங்கி நேராகத் தென்னைக்குப் பின்னால் போனார். அந்த அவசரத்தை யாரும் தப்பாக நினைக்கவில்லை. வெகுநேரம் வரவில்லை.

காளியண்ணன் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒயர் இழுத்து வந்தார். காரின் பின்னால் திறந்து சார்ஜரை எடுத்து மாட்டினார். எங்கே என்ன இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவர் அட்வான்ஸ் கட்டியதும் இதே வண்டிக்குத்தான். கடைசிப் பந்தி முடிந்து, பாத்திரம் கழுவி, பொழுது சாயும் வரை கார் அவர் வீட்டுக் கரண்டைக் குடித்தது.

இப்போது கார் சேந்தமங்கலம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது, பச்சைப் பலகை துடைத்து. ஆனால் அவரால் அதைப் பற்றிப் பேச முடிவதில்லை. நல்ல வண்டி என்றால் மச்சினனை ஏன் தடுத்தாய் என்பார்கள். கெட்ட வண்டி என்றால் நீ ஏன் வாங்கினாய் என்பார்கள். போன மாதம் ஒரு பங்காளி கார் வாங்க அவரைக் கூப்பிட வந்தார். காய்ச்சல் என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டார். பழைய ஷோரூமிலிருந்து அந்தப் பெண் மட்டும் வாரம் தவறாமல் போன் செய்கிறாள்: "சார், முதல் கார் பத்தி யோசிச்சீங்களா சார்?"

அன்றைய கரண்டுக்கு அவர் சௌந்திரத்திடம் பணம் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்தது. ஒரு மூட்டை மக்காச்சோளம் அனுப்பினார். அதே ஆட்டோவில் திரும்பி வந்தது. நாமகிரிப்பேட்டைக்குப் போய்க் காளியண்ணனையே கேட்டேன்.

"காசு வேண்டாமுங்க. 'அன்னிக்கு நான் சொன்னது தப்பு மாப்ளே'ன்னு ஒரு வார்த்தை. அத்தோட கணக்குத் தீந்துது" என்றார்.

இதைத் தீர்த்தகிரியிடம் சொன்னேன். வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவனுக்குச் சொல்லிரலாமுங்க. ஆனா அவனுக்குச் சொன்னா, நான் சாவி குடுத்த அத்தன பேருக்கும் சொல்லோணுமில்லீங்களா?"

காளியண்ணன் அந்த ஒயரை இன்னும் சுருட்டவில்லை. கேட்டுக் கம்பியில், ரோட்டைப் பார்த்த மாதிரி, பிளக்கோடு தொங்குகிறது.