நான் மூக்கைப் பொத்திய நாட்கள்

என் மனைவி இரண்டு கிழமையாக, பதினாலு நாளாக, குளிக்கவில்லை. தலை சிக்குப் பிடித்து, சட்டையெல்லாம் புளித்த வியர்வை நாற்றம். மானிப்பாயில் எங்கள் வீட்டு அறைக்குள் நுழையவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"உமக்குச் சோம்பல் முத்திப்போச்சு. நாறுது, எழும்பிக் குளியும்," என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

"வாளியைத் தூக்க ஏலாமக் கிடக்கப்பா," என்றாள், சுவரைப் பார்த்தபடி.

நான் சிரித்தேன். அன்றே பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா பிட்டோடு வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் தாதி. அந்த நாற்றத்துக்குள்ளேயே கட்டிலில் ஏறி, அவளை ஒட்டி உட்கார்ந்தார்.

"எத்தினை நாளாப் பிள்ளை நித்திரை இல்லை?"

"ரெண்டு மாசமா, அக்கா. செத்துப்போனால் நல்லம் போல கிடக்கு."

வாசலில் நின்ற நான் மூக்கைப் பொத்திய கையை எடுத்தேன். அந்த இரண்டு மாதமும் அவள் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கியவன் நான்.

"உது சோம்பல் இல்லைத் தம்பி, மனச்சோர்வு. இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான். இண்டைக்கே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றார் அக்கா.

போனோம். மருந்தோடும் டொக்டருடன் மனம்விட்டுக் கதைத்தும் அவள் மெல்ல மெல்லத் தேறினாள்.

"உங்களுக்குத் தெரியாதுதானே," என்று இப்போது என்னை மன்னிக்கிறாள். தெரியாதது உண்மைதான். ஆனால் 'என்ன செய்யுது?' என்று நான் அவளைக் கேட்கவேயில்லை. அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.