பிள்ளை எந்த மாவட்டம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்னறையில் சுபோதினி மூன்று வருடமாக இருந்தாள். ஊர் முல்லைத்தீவு. கணவன் கருணாகரன் அங்கே தன் சைக்கிள் கடையோடு நின்றுவிட்டான். மகள் உஷாந்தி டொக்டராக வேண்டும், அதற்குக் கொழும்புப் படிப்பு வேண்டும், பெண்பிள்ளையைத் தனியே விடவும் ஏலாது. அவ்வளவுதான் விஷயம்.

மகளுக்குப் பள்ளிக்கூடம், ரியூஷன், சிநேகிதிகள் என்று பொழுது போனது. தாய்க்கு என்ன இருந்தது? சமைப்பாள், துவைப்பாள், ரியூட்டரி வாசலில் காத்து நிற்பாள். அங்கே நிற்கும் மற்றத் தாய்மாரோடு வாய் கொடுக்கமாட்டாள். கொழும்புக்காரிகள் தன்னை எடைபோடுவார்கள் என்ற பயம். சிங்களமும் வராது, மரக்கறிக் கடையில் விரலால் காட்டித்தான் வாங்குவாள். சில பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய் நிற்பாள். முல்லைத்தீவிலும் கடல்தான். ஆனால் அங்கே நின்றால் யாராவது “என்னடி சுபா” என்று கூப்பிடுவார்கள்.

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது. உஷாந்தி சிநேகிதிகளோடு கோயிலுக்குப் போக, சுபோதினி சிவபாதசுந்தரம் மாஸ்டரிடம் ஓடினாள். பல்கலைக்கழகத்தில் யாருக்கு எந்தப் பீடம் கிடைக்கும் என்று அந்த இரசாயனவியல் மாஸ்டரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு; கொழும்புக்கு அதிகம், பின்தங்கிய மாவட்டங்களுக்குக் குறைவு.

கைபேசியில் இருந்த உஷாந்தியின் இசட் புள்ளியை, அனுமதிக்குக் கணக்கெடுக்கும் புள்ளியை, பார்த்தார் மாஸ்டர்.

“கெட்டிக்காரிதான். ஆனா கொழும்பு மாவட்டத்துக்கு இந்தப் புள்ளி மெடிசினுக்கு எட்டாதம்மா.”

“கொழும்பில்லை சேர், நாங்கள் முல்லைத்தீவு. வோட்டர் லிஸ்ட்டில பேர் அங்கதான் கிடக்கு. கிராம சேவகரிட்டக் கடிதமும் எடுத்து வச்சிருக்கிறன்.”

“பிள்ளை மூண்டு வருசமா எங்க படிச்சது?”

“இஞ்சதான்.”

“அப்ப கொழும்புதான். வோட்டைப் பாக்கமாட்டினம், பள்ளிக்கூடத்தைத்தான் பாப்பினம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

ரியூட்டரி வாசலில் நின்ற எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்டால்தானே!

“முல்லைத்தீவெண்டா, சேர்?”

மாஸ்டர் இதை விழுங்கியிருக்கலாம். மனுசனுக்குப் பொய் வராது.

“கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், மெடிசின்தான்.”

எப்படி அறைக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அழக்கூட வரவில்லை. அழுதாலும் யார் கேட்பது? கைபேசி அடித்தது. கருணாகரன்.

“சுபா! பிள்ளை புள்ளியைச் சொன்னவள். பக்கத்து வீட்டுப் பெட்டைக்குப் போன வருசம் இதைவிடக் குறையவடி. அதுக்கே மெடிசின் கிடைச்சது! கடைக்கு வாற சனமெல்லாத்துக்கும் சொல்லிப்போட்டன். கோயில்ல பொங்கலுக்கும் சொல்லியாச்சு.”

அவன் சந்தோஷத்தில் நிறுத்தவே இல்லை.

“நீ அங்க தனியக் கிடந்து பட்ட பாடு வீண்போகேல்லை. நீ மட்டும் கொழும்புக்குப் போகாட்டி இது நடந்திருக்குமே, சொல்லு?”

மூன்று வருடமாக இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் அவள் ஏங்கிக் கிடந்தாள். அது இன்றைக்கென்று பார்த்து வந்தது.

“நான் இஞ்ச வராட்டித்தான்,” என்றாள், “நடந்திருக்கும்.”

“என்ன கதைக்கிறாய் நீ?” என்று அங்கே அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.